மோட்டார் வண்டியின் ஸ்டீரிங் சக்கரமும் காற்றுப்பையும்: கழற்றி மாற்றும் முறையும் காப்பு விதிகளும்

(தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் உரிய பாடக் கட்டுரை)

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில், கோலார் தங்கவயலுக்குக் கிளைப் பாதை பிரியும் சந்திப்பு பங்காருபேட்டை ஆகும். இச்சந்திப்பின் வழியாகவே தங்கவயலுக்கு வேண்டிய இயந்திரங்களும் பொருள்களும், தமிழ் மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் குடும்பங்களும் சென்றடைந்தன. 1880ஆம் ஆண்டினையொட்டித் தொடங்கிய நவீன சுரங்கத் தொழில், தரைக்குக் கீழே மூன்று கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்று, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. பாறையைத் துளையிட்டு, வெடிமருந்தைச் செலுத்தி, வெடித்து எடுப்பதே அத்தொழிலின் அடிப்படை. ஆகவே, வெடிமருந்தை எவ்வாறு கையாள வேண்டும், எப்பொழுது அணுகலாம், எப்பொழுது அணுகலாகாது என்னும் ஒழுங்கு இவ்வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக அறியப்பட்டதொன்றாகும்.

சுரங்கம் மூடப்பட்டு விட்டது. ஆயினும் வெடிமருந்து வேறோர் உருவில் இன்று ஊர்தோறும் வந்துள்ளது. மோட்டார் காரின் ஸ்டீரிங் சக்கரத்தின் நடுவே, ஹாரன் மூடிக்கு உட்புறத்தில், ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்பையை ஊதச் செய்வது பம்பு அன்று. மின்சாரத்தால் பற்றவைக்கப்படும் சிறிய வெடிமருந்துக் குப்பியே ஆகும். 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து இந்தியாவில் தயாரிக்கப்படும் கார்கள் அனைத்திலும் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. பின்னர், 2021ஆம் ஆண்டின் இறுதியோடு, முன்னிருக்கைப் பயணிக்கும் அது கட்டாயமாயிற்று. ஹொஸகோட்டையிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் பெங்களூரு - சென்னை விரைவுச் சாலை பங்காருபேட்டை வட்டாரத்தை ஊடுருவிச் செல்கிறது. மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகத்துக்கென வகுக்கப்பட்ட அச்சாலையில் செல்லும் ஓட்டுநருக்கு, இருக்கைப் பட்டையும் காற்றுப்பையும் உயிர்க் காவல்களாகும்.

அம்பாஸிடர், பத்மினி முதலிய பழைய வண்டிகளில் ஸ்டீரிங் சக்கரத்தை மாற்றுவது எளிய வேலையாக இருந்தது. ஹாரன் மூடியை எடுத்து, நடுவிலுள்ள ஒரு நட்டைக் கழற்றி, சக்கரத்தை இழுத்தெடுத்தால் போதும். அப்பழக்கத்தோடு புது வண்டியிலும் கை வைப்போர் உண்டு. தேய்ந்த சக்கரத்தைத் தாமே மாற்றிவிடலாம் எனத் துணியும் உரிமையாளரும், சாலையோரப் பட்டறைத் தொழிலாளரும், பயிற்சி மாணவரும் அறிய வேண்டிய செய்திகள் இக்கட்டுரையில் முறைப்படுத்தித் தரப்படுகின்றன.

1. காற்றுப்பையின் வரலாறு

மோதலின்போது காற்றடைத்த பையினால் மனிதரைக் காக்கலாம் என்னும் கருத்துப் புதியதன்று. ஜெர்மனியில் வால்டர் லின்டரர் என்பவரும், அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்பவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதற்குக் காப்புரிமை வேண்டினர். ஹெட்ரிக்கின் காப்புரிமை 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வழங்கப்பட்டது. அவர்கள் கருதியது அழுத்திய காற்றைத் திறந்து விடும் முறை. அழுத்திய காற்று பையை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரம் மோதல் நிகழும் நேரத்தினும் மிகுதி. ஆதலால் அம்முறை அன்று பயன் தரவில்லை. அமெரிக்கரான ஆலன் பிரீட், மோதலை உணரும் மின்பொறிக் கருவியொன்றை 1960களின் இறுதியில் அமைத்தார். திண்ம நிலையிலுள்ள எரிபொருளைக் கொளுத்தி வாயுவை உண்டாக்கும் முறையும் வளர்ந்தது. அதன் பின்னரே காற்றுப்பை நடைமுறைக்கு வந்தது. 1980களின் தொடக்கத்தில் மெர்ஸிடீஸ் நிறுவனம் தன் உயர்தர வண்டிகளில் இதனைப் பொருத்தலாயிற்று. 1990களின் இறுதியில் அமெரிக்கா இதனைக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது.

வெடிமருந்து ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை நேரக் கணக்கில் உள்ளது. அடுத்த பகுதியில் அது விளங்கும்.

2. அது வேலை செய்யும் விதம்

மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி சுவரில் மோதுவதாகக் கொள்வோம். அவ்வேகம் விநாடிக்கு 13.9 மீட்டர் ஆகும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது அடையும் வேகமும் இதுவே. இந்த ஒப்புமையை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், நகருக்குள் ஓட்டும் வேகமும் சிறியதன்று என்பது மாணாக்கர் மனத்தில் பதியும்.

வண்டி நின்றுவிட்டாலும் ஓட்டுநரின் தலை அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. அதன் நிறை 4.5 கிலோ கிராம் எனக் கொள்க. கடினமான பொருளில் மோதி 3 சென்டிமீட்டர் தொலைவுக்குள் அது நிற்க நேரின், அதன்மேல் செயற்படும் சராசரி விசை சுமார் 14,500 நியூட்டன். காற்றுப்பையில் அழுந்தி 30 சென்டிமீட்டர் தொலைவில் நிற்குமாயின், விசை சுமார் 1,450 நியூட்டன். நிற்கும் தொலைவு பத்து மடங்கானால் விசை பத்தில் ஒரு பங்காகிறது. அவ்விசையும் மண்டையின் ஒரு புள்ளியில் விழாமல் முகமும் மார்பும் ஆகிய பரந்த பரப்பில் பகிரப்படுகிறது. காற்றுப்பையின் பயன் முழுவதும் இவ்விரண்டு செய்திகளில் அடங்கும்.

இப்பை, தலை சக்கரத்தை எட்டுவதற்குள் விரிந்தாக வேண்டும். மோதல் தொடங்கி 15 முதல் 20 மில்லிசெகண்டுக்குள் கட்டுப்பாட்டுக் கருவி, இது கடும் மோதலே என்று தீர்மானிக்கிறது. அடுத்த 30 மில்லிசெகண்டுக்குள் பை நிரம்பி விடுகிறது. கண் இமைக்கும் நேரத்தினும் இது குறைவு. ஐம்பது அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பையை இத்துணை விரைவில் நிரப்ப வெடிமருந்தினால் மட்டுமே இயலும். மணிக்கு ஏறத்தாழ 300 கிலோ மீட்டர் வேகத்தில் பை வெளியே பாய்கிறது. காக்கும் கருவியே தவறான நேரத்தில் விரிந்தால் காயம் விளைவிப்பது இக்காரணத்தினாலேயாகும்.

தொடக்க காலக் குப்பிகளில் சோடியம் அஸைடு என்னும் உப்புப் பயன்பட்டது. அது சூட்டில் சிதைந்து சோடியமும் நைட்ரஜன் வாயுவும் ஆகிறது. 65 கிராம் சோடியம் அஸைடு சிதைந்தால், சாதாரண வெப்ப அழுத்த நிலையில் சுமார் 36 லிட்டர் நைட்ரஜன் கிடைக்கும். தனிச் சோடியம் ஆபத்தானது. அதனைத் தீங்கற்ற கண்ணாடி போன்ற பொருளாக மாற்றுவதற்குப் பொட்டாசியம் நைட்ரேட்டும் மணற்சத்தும் உடன் கலக்கப்பட்டன. சோடியம் அஸைடு கொடிய நஞ்சு. பிற்காலக் குப்பிகளில் அதற்கு மாற்றாகக் குவானிடீன் நைட்ரேட்டு முதலியன இடம் பெற்றன.

3. சுரங்க வெடியும் காற்றுப்பையும்: ஓர் ஒப்பீடு

சுரங்கத்தில் மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டருக்கும், காற்றுப்பையின் பற்றவைப்பானுக்கும் அமைப்பில் நெருங்கிய உறவு உண்டு. இரண்டிலும் மெல்லிய மின்தடைக் கம்பி ஒன்று பற்றும் மருந்தினுள் பதிந்துள்ளது. மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடேறி மருந்து பற்றுகிறது. காற்றுப்பையின் கம்பிக்கு மின்தடை ஏறத்தாழ 2 ஓம். சுமார் ஓர் ஆம்பியர் அளவான மின்னோட்டம் ஓரிரு மில்லிசெகண்டு பாய்ந்தாலே அது வேலை செய்துவிடும். இவ்வொற்றுமையால் சுரங்கத் தொழிலின் காப்பு விதிகள் சில அப்படியே இங்கும் பொருந்துகின்றன.

முதலாவது: டெட்டனேட்டரின் இரு கம்பி முனைகளும், சுற்றில் இணைக்கும் வரை ஒன்றோடொன்று முறுக்கி வைக்கப்படும். வழி தவறி வரும் மின்சாரம் மருந்தின் வழியே செல்லாதிருக்க இது செய்யப்படுகிறது. காற்றுப்பையின் மஞ்சள் நிற இணைப்பியிலும் இதே ஏற்பாடு உண்டு. இணைப்பைப் பிரித்தவுடன், உள்ளிருக்கும் ஒரு வில் தகடு இரு முனைகளையும் தானே இணைத்து விடுகிறது. இத்தகட்டை வளைத்துக் கெடுப்பவர் காப்பைக் கெடுத்தவராவார்.

இரண்டாவது: டெட்டனேட்டரின் சுற்றைச் சோதிக்கச் சாதாரண மீட்டரைப் பயன்படுத்தலாகாது, மிகக் குறைந்த மின்னோட்டமே செல்லும்படி அமைந்த தனி மீட்டரே அனுமதிக்கப்படும். காற்றுப்பைக்கும் இதுவே விதி. மல்டிமீட்டரின் மின்தடை அளவையில் செல்லும் மின்னோட்டம் பெரும்பாலும் சிறிதே. எனினும், மீட்டர் பழுதுற்றிருக்கலாம். அளவைக் குமிழ் தவறி வைக்கப்பட்டிருக்கலாம். சோதிப்பவரின் முகம் பைக்கு எதிரே இருக்கும்போது அத்தவறு நேரின் திருத்த வழியில்லை. சுற்றைச் சோதிக்க வேண்டுமானால், பையை நீக்கி, தயாரிப்பாளர் குறிப்பிடும் போலித் தடையை அதனிடத்தில் இணைத்தே சோதிக்க வேண்டும்.

மூன்றாவது: வெடிக்காமல் நின்றுவிட்ட வெடியை உடனே அணுகலாகாது, மின்கம்பியை அறுத்துக் குறித்த நேரம் காத்திருந்தே அணுக வேண்டும். காரிலும் காத்திருத்தல் உண்டு. மோதலில் பாட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, கட்டுப்பாட்டுக் கருவியினுள் மின்தேக்கிகள் மின்னாற்றலைச் சேமித்து வைத்துள்ளன. பாட்டரியின் கம்பியைக் கழற்றிய பின்னும் அவ்வாற்றல் சிறிது நேரம் தங்கியிருக்கும். காத்திருக்க வேண்டிய நேரத்தைச் சில தயாரிப்பாளர் 90 விநாடி என்றும், சிலர் 3 நிமிடம் என்றும், சிலர் 10 நிமிடம் என்றும் குறிக்கின்றனர். அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்பு நூலில் உள்ள நேரமே கொள்ளத்தக்கது. நூல் கிடைக்காதவன் இவ்வேலையைத் தொடங்கலாகாது.

4. கழற்றும் முறை

வேலையைத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை நான்கு: அவ்வண்டிக்கே உரிய பழுதுபார்ப்பு நூல், குறித்த முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சு, சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லர், காப்புக் கண்ணாடி. இவற்றுள் ஒன்று குறையினும் வண்டியைப் பயிற்சி பெற்ற பட்டறைக்கு அனுப்புவதே முறை.

(அ) முன் சக்கரங்கள் நேராக நிற்கும்படி வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியாயின் சாவிக் கருவியை வண்டிக்கு அப்பால் வைக்க வேண்டும்.

(ஆ) பாட்டரியின் எதிர் முனைக் கம்பியைக் கழற்றி, அது மீண்டும் முனையைத் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்க வேண்டும். வானொலியும் கடிகாரமும் தம் நினைவை இழக்காதிருக்கச் சிறு பாட்டரியொன்றை இணைத்து வைக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இவ்வேலையின்போது அது கூடவே கூடாது. கழற்றிய மின்சாரத்தை மறுவழியாகக் கொண்டு வருவதாகும் அது. பின்னர், நூல் குறிக்கும் நேரம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

(இ) வண்டியின் வெறும் உலோகப் பகுதியைக் கையால் தொட்டு, உடலில் தங்கிய நிலைமின்சாரத்தை நீக்க வேண்டும். கோலார்ச் சமவெளியின் வறண்ட பருவத்தில், செயற்கை இழை ஆடை அணிந்தோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

(ஈ) பைத் தொகுதி, சக்கரத்தின் பின்புறம் இரு திருகாணிகளாலோ, வில் கொக்கிகளாலோ பிடிக்கப்பட்டிருக்கும். பைக்கு நேர் எதிரே அமராமல் பக்கவாட்டில் இருந்து அவற்றை விடுவிக்க வேண்டும். தொகுதியை மெல்லத் தூக்கி, மஞ்சள் இணைப்பியின் பூட்டுத் தகட்டை நெம்பிய பின்னர் இணைப்பைப் பிரிக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது.

(உ) கழற்றிய தொகுதியை, மெத்தென்ற முகப்பு உடலுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி பிடித்துச் செல்ல வேண்டும். மேசையின்மேல் வைக்கும்போது முகப்பு மேல் நோக்கியே இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த தொகுதி வெடிக்குமானால், பை மேசையை உதைத்து, உலோகக் குப்பி எறிபடை போல மேலே பாயும். அதன்மேல் கருவிகளையோ துணியையோ வைத்தல் கூடாது. வெயில், நெருப்பு, பற்றவைப்பு வேலை ஆகியவற்றுக்கு அப்பால் பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

(ஊ) இனிச் சக்கரத்தை எடுக்கலாம். சக்கரத்தின் குடத்திலும் தண்டிலும் ஒரே நேர்க்கோட்டில் அடையாளம் இட வேண்டும். நடு நட்டைத் தளர்த்தி, இரண்டு மூன்று மரை அளவு அதனைத் தண்டிலேயே விட்டுவைத்துப் புல்லரால் சக்கரத்தைத் தளர்த்த வேண்டும். நட்டை முழுவதும் எடுத்துவிட்டு இழுப்பவர், சக்கரம் திடீரென விடுபட்டு முகத்தில் அடிபடுவர். சுத்தியலால் தண்டை அடித்தல் பெருந்தவறு. மோதலின்போது மடங்கித் தருமாறு அத்தண்டு அமைக்கப்பட்டுள்ளது. அடியினால் அதன் அமைப்பும், அருகிலுள்ள கோண உணர்வானும் கெடும்.

5. கடிகாரச் சுருள்

இவ்வேலையில் மிகுதியும் பிழை நேரும் இடம் இதுவாகும். சக்கரம் சுழல்கிறது; வண்டியின் கம்பிகளோ சுழலாதவை. இரண்டையும் அறுபடாமல் இணைப்பதற்கு, தட்டையான நாடாக் கம்பி ஒரு பிளாஸ்டிக் கூட்டினுள் கடிகார வில்லைப் போலச் சுருட்டி வைக்கப்பட்டுள்ளது. இதற்குக் கடிகாரச் சுருள் என்று பெயர். சக்கரம் ஒரு புறம் திரும்பும்போது சுருள் இறுகும். மறுபுறம் திரும்பும்போது தளரும். பொதுவாக ஸ்டீரிங் சக்கரம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மூன்று, மூன்றரைச் சுற்றுச் சுழலும். சுருளோ ஐந்து சுற்றுக்குச் சற்று ஏறக்குறைய இடங்கொடுக்கும். ஆகவே சுருள் நடுநிலையில் இருந்தால் மட்டுமே இரு புறமும் போதிய இடம் இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது, கை பட்டுச் சுருள் இரண்டு சுற்றுத் திரும்பிவிட்டதாகக் கொள்வோம். கண்ணுக்கு எக்குறையும் தோன்றாது. சக்கரத்தை மாட்டி நேர்ச் சாலையில் ஓட்டினாலும் ஒன்றும் நேராது. குறுகிய தெருவில் வண்டியை முழுவதும் திருப்பும் முதல் தடவையிலேயே நாடா அறும். ஹாரன் ஒலிக்காது, முகப்புப் பலகையில் காற்றுப்பை விளக்கு எரியும், மோதல் நேரின் பை விரியாது. ஆதலால், சக்கரத்தை எடுத்தவுடன் சுருள் அசையாதபடி ஒட்டுநாடாவால் பிணைத்து விட வேண்டும். அது அசைந்துவிட்டது என்னும் ஐயம் எழுந்தால், மெல்ல ஒரு புறமாக இறுகும் வரை சுழற்றி, நூல் கூறும் சுற்றுக்களின் எண்ணிக்கை அளவு திருப்பி, கூட்டின்மேலுள்ள குறிகள் நேர்படும்படி நிறுத்த வேண்டும். முன் சக்கரங்கள் நேராக இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

6. மீண்டும் பொருத்துதல்

புதுச் சக்கரம் அவ்வண்டியின் வகைக்கே உரியதாக இருக்க வேண்டும். பல்லமைப்புப் பொருந்தினாலும், பைத் தொகுதி அமரும் இடமும் இணைப்பிகளும் மாறுபடலாம். அழகுக்காகக் காற்றுப்பையற்ற சிறு சக்கரத்தைப் பொருத்துவது, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதாகும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அத்தகைய மாற்றத்தைத் தடுக்கிறது.

அடையாளங்கள் நேர்படச் சக்கரத்தைத் தண்டில் ஏற்றி, நூலில் கூறியிருப்பின் புது நட்டையே பயன்படுத்தி, குறித்த முறுக்கு விசைக்கு டார்க் ரெஞ்சினால் இறுக்க வேண்டும். கையளவு இறுக்கம் போதும் என்று விடப்பட்ட நட்டு, ஓடும் வண்டியில் சக்கரத்தைத் தளரச் செய்யும். பின்னர் இணைப்பியை ஒலி கேட்கும் வரை அழுத்தி, பூட்டுத் தகட்டை அமர்த்தி, தொகுதியைப் பொருத்த வேண்டும்.

பாட்டரியை மீண்டும் இணைக்கும்போது வண்டியினுள் எவரும் இருக்கலாகாது. பின்னர் கதவுப் பக்கமாக நின்று, பையின் பாதைக்கு விலகிக் கையை நீட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும். காற்றுப்பை விளக்கு சில விநாடி எரிந்து அணைந்தால் சுற்று நலமாக உள்ளது. எரியாமலே இருந்தாலும், அணையாமல் எரிந்தாலும், மீண்டும் மீண்டும் மின்னினாலும் குறை உண்டு. கோண உணர்வான் உள்ள வண்டிகளில் அதனை உரிய கருவியால் மறுபடி சீர்படுத்திய பின்னரே சாலையில் ஓட்ட வேண்டும்.

7. பழைய பைகளும் போலிப் பைகளும்

மோதிய வண்டியின் பை விரிந்துவிட்டால், புதுத் தொகுதியின் விலையைக் கண்டு தயங்கும் உரிமையாளர் பழைய பொருட் கடையை நாடுவது இயல்பு. இங்கேதான் உயிருக்கு உலை வைக்கும் பிழைகள் நேர்கின்றன.

பழைய கடையில் கிடைக்கும் பை எத்தகைய வண்டியிலிருந்து வந்தது, வெள்ளத்தில் மூழ்கியதா, எத்தனை ஆண்டு சூட்டில் கிடந்தது என்பதை எவராலும் பார்த்துச் சொல்ல இயலாது. ஜப்பானிய நிறுவனமான டகாட்டாவின் குப்பிகள் இதற்குப் பெருஞ் சான்று. அவற்றுட் பலவற்றில் அம்மோனியம் நைட்ரேட்டு, ஈரம் உறிஞ்சும் பொருளின்றி வைக்கப்பட்டிருந்தது. பல்லாண்டு வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கியதால் மருந்துக் கட்டிகள் உதிர்ந்து, வெடித்தபோது வேண்டியதினும் விரைவாக எரிந்தன. உலோகக் குப்பி சிதறித் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் உயிரிழந்தனர். உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவிலும் பல வண்டிகள் அவ்வாறு அழைக்கப்பட்டுக் குப்பி மாற்றப்பட்டன. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நிறுவனம் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை நாடியது.

பங்காருபேட்டைக்கு இச்செய்தி தொலைவானதன்று. இவ்வட்டாரம் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், ஓரளவு வறண்ட காற்றுடையது. ஆனால் இங்கு ஓடும் பழைய கார் சென்னைக் கடற்கரையின் வெப்பத்திலும் ஈரத்திலும் பத்தாண்டு கழித்ததாக இருக்கலாம். பழைய காரை வாங்குவோர் அதன் அடிச்சட்ட எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, காற்றுப்பைக்கான திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா எனக் கேட்டறிய வேண்டும். இருப்பின், குப்பி விலையின்றி மாற்றித் தரப்படும்.

போலிப் பைகள் மற்றோர் ஆபத்து. 2024ஆம் ஆண்டு டில்லிக் காவல்துறையினர், புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் பொறித்த நூற்றுக்கணக்கான போலிக் காற்றுப்பைகளைக் கைப்பற்றினர். இதனினும் எளிய மோசடியும் உண்டு. விரிந்த பையை எடுத்துவிட்டு, அதனிடத்தில் 2 ஓம் தடையொன்றை இணைத்து, மேலே புது மூடியை ஒட்டிவிடுவர். கட்டுப்பாட்டுக் கருவி ஏமாறும், விளக்கும் அணையும், ஆனால் மூடிக்குப் பின்னே பையே இராது. ஆகவே, விளக்கு அணைவது சுற்றுக்கு மட்டுமே சான்று. பைக்குச் சான்று, உரிய விற்பனையாளரின் ரசீதும் தொகுதியின் எண்ணுமே ஆகும்.

பை விரிந்த வண்டியில் பையை மட்டும் மாற்றுவது போதாது. இருக்கைப் பட்டையை இறுக்கும் கருவியும் வெடிமருந்தால் இயங்குவதே. அதுவும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் செலவாகியிருக்கும். கட்டுப்பாட்டுக் கருவியையும் முன்புற உணர்வான்களையும் நூலின்படி சோதித்து மாற்ற வேண்டும். மேலும், சில தொகுதிகளில் குப்பி இரு கட்டமாக வெடிக்கும். மோதல் சிறிதாயின் முதற் கட்டம் மட்டுமே வெடித்து, இரண்டாவது கட்டம் உயிரோடு இருக்கக் கூடும். தொங்கும் பையைக் கண்டு, செத்த பாம்பு என எண்ணி அறுப்பதும் அடிப்பதும், நின்றுபோன சுரங்க வெடியைக் கடப்பாரையால் குத்துவதற்கு ஒப்பாகும். வெடிக்காத தொகுதியைத் துளைத்தல், எரித்தல், குப்பையில் எறிதல் ஆகியன கூடா. தயாரிப்பாளரின் சேவை நிலையத்திலோ, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

8. ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியவை

காற்றுப்பை இருக்கைப் பட்டைக்குத் துணையே அன்றி மாற்று அன்று. பட்டை அணியாதவர் முன்னே சரிந்து, விரிந்து கொண்டிருக்கும் பையின் முழு வேகத்தையும் முகத்தில் ஏற்பர். மார்புக்கும் சக்கரத்தின் நடுவுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மூடியின்மேல் ஒட்டும் அணிகளும், பயணிப் பை விரியும் இடத்தில் பதிக்கும் உருவங்களும் எறிகற்களாக மாறும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைக்கலாகாது. முன்புற இரும்புத் தடுப்புக்கள் மோதலின் விசையை உணர்வானுக்குச் சேரவிடாமல் செய்யக் கூடும். இத்தகைய தடுப்புக்களை நீக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.

9. தாமே செய்யலாமா?

இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. காற்றுப்பையற்ற பழைய வண்டியில் கருத்துள்ள எவரும் சக்கரத்தை மாற்றலாம். காற்றுப்பை உள்ள வண்டியில், நூலும் கருவிகளும் காத்திருக்கும் பொறுமையும் உடையவர், மேற்பார்வையோடு ஒரு முறையேனும் செய்து பழகியவராயின் செய்யலாம். விளக்கு முன்னரே எரிந்து கொண்டிருக்கும் வண்டியிலும், மோதிய வண்டியிலும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும் அவர் கூடக் கை வைக்கலாகாது. சுரங்கத்திலும் வெடி வைக்கும் பணி சான்றிதழ் பெற்றவருக்கே உரியதாக இருந்தது. மற்றத் தொழிலாளர் திறமையற்றவர் என்பது அதன் பொருளன்று. வெடிமருந்து இரண்டாம் வாய்ப்பை அளிப்பதில்லை என்பதே பொருள்.

வகுப்பறைக் குறிப்புக்கள்

உண்மையான காற்றுப்பைத் தொகுதியை வகுப்பில் திறந்து காட்டலாகாது. பின்வரும் மாதிரிகள் போதும்.

(1) பிளாஸ்டிக் பையொன்றில் சிறிது சமையல் சோடாவை இட்டு, வினிகரை ஊற்றி வாயை இறுகப் பிடிக்கவும். திண்மப் பொருளிலிருந்து வாயு தோன்றிப் பையை நிரப்புவதை மாணாக்கர் காண்பர். இதற்குச் சில விநாடி செல்வதையும், காற்றுப்பை அதில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் நிரம்புவதையும் ஒப்பிட்டு விளக்கலாம். பை வெடித்துவிடாதபடி அளவோடு கலக்கவும்.

(2) இரண்டு மீட்டர் நீளக் காகித நாடாவின் ஒரு முனையைப் பென்சிலிலும், மறு முனையை வட்ட டப்பாவின் உட்சுவரிலும் ஒட்டவும். பென்சிலைச் சுழற்றி நடுநிலையைக் காணச் செய்து, பின்னர் நடுநிலை தவறவிட்டுச் சுழற்றினால், நாடா அறுபடுவதை நேரிற் காணலாம்.

(3) கெட்டியான தரையிலும், மடித்த மெத்தையின்மேலும் ஒரே உயரத்திலிருந்து முட்டையை விழவிட்டு, நிற்கும் தொலைவுக்கும் விசைக்கும் உள்ள தொடர்பை விளக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் 4.5 கிலோ கிராம் நிறையுள்ள பொருள் 30 சென்டிமீட்டரில் நிறுத்தப்பட்டால், அதன்மேல் செயற்படும் சராசரி விசை யாது? (விடை: 3,000 நியூட்டன்)

2. பாட்டரியைக் கழற்றிய பின்னும் ஏன் காத்திருக்க வேண்டும்?

3. கழற்றிய தொகுதியின் முகப்பு மேசையில் எப்புறம் நோக்க வேண்டும்? காரணம் கூறுக.

4. கடிகாரச் சுருள் நடுநிலை தவறியிருப்பது நேர்ச் சாலையில் வெளிப்படாமல், குறுகிய தெருவில் வெளிப்படுவது ஏன்?

5. காற்றுப்பை விளக்கு சரியாக எரிந்து அணையும் வண்டியிலும் பை இல்லாதிருக்கக் கூடும் என்பதை விளக்குக.